ரூ.18,000 மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் வரும் பெயர்... யார் இந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி?

காஞ்சிபுரம் மாவட்டம், உத்திரமேரூர் பக்கத்தில் இருக்கும் காவாந்தண்டலம் மாதிரி ஒரு கிராமத்தில் ஒரு பெண் கர்ப்பமானால் முதலில் என்ன செய்யணும்? கிராம சுகாதார செவிலியரிடம் போய்ப் பெயரைப் பதிவு செய்யணும். அப்போது பிக்மி எண் என்று ஒன்று தருவார்கள். குழந்தை பிறந்ததும் பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போனாலும் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள்.

குடும்பம் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தால், அந்தப் பதிவோடு சேர்த்து இன்னொன்றும் கிடைக்கும். தவணை தவணையாக 14,000 ரூபாய் பணம். 4,000 ரூபாய் மதிப்பில் இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். மொத்தம் 18,000 ரூபாய். திட்டத்தின் பெயர், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம்.

பெயர் நீளம். அதனால் ஊரில் பேசும்போது பிரசவப் பணம் வந்துருச்சா என்பதோடு முடிந்துவிடுகிறது. அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று கேட்டால், முதல் பெண் டாக்டர், முதல் பெண் எம்.எல்.சி, அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியவர் என்று பாடப்புத்தகத்தில் படித்தது வரிசையாக வரும். எல்லாம் சரி, ஆனால் கர்ப்பிணிக்குப் பணம் தரும் திட்டத்துக்கு ஏன் இவர் பெயர்?

அதற்குப் பதில் அவர் வாழ்க்கையிலேயே இருக்கிறது. பாடப்புத்தகம் அதிகம் சொல்லாத பகுதியில்.

புதுக்கோட்டை வீடு

முத்துலட்சுமி பிறந்தது 1886 ஜூலை 30-ம் தேதி, அன்றைய புதுக்கோட்டை சமஸ்தானத்தில். அப்பா நாராயணசாமி, மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அம்மா சந்திரம்மாள், கோயில் கலை மரபில் வந்த தேவதாசிக் குலத்தைச் சேர்ந்தவர். அப்பா பிராமணர். இந்த உறவை அவருடைய குடும்பம் ஏற்றுக்கொள்ளவில்லை. (நடிகர் ஜெமினி கணேசனுக்கு முத்துலட்சுமி அத்தை முறை என்பது பலருக்குத் தெரியாத சொந்தம்.)

படித்த அப்பா இருந்ததால் வீட்டில் புத்தகத்துக்குக் குறைவில்லை. ஆனால் வாசலைத் தாண்டினால் ஊர் அந்தப் பெண்ணை வேறு மாதிரிதான் பார்த்தது. பெண் பெரியவளானதும் பள்ளிக்கு அனுப்புவதில்லை என்பது அந்தக் கால வழக்கம். முத்துலட்சுமிக்கும் அதுதான் நடந்தது. அப்பா வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தார். தனித்தேர்வராக எழுதி மெட்ரிக்குலேஷன் பாஸ் செய்தார்.

அடுத்து கல்லூரி. ஊரில் இருந்ததோ ஆண்கள் படிக்கும் மகாராஜா கல்லூரி மட்டும். விண்ணப்பம் போட்டதும் எதிர்ப்பு கிளம்பியது. ஒரு பெண் வந்து உட்கார்ந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்றார்கள். அதிலும் தேவதாசியின் மகள் என்பதைச் சொல்லிக் காட்டினார்கள். கடைசியில் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டு இடம் கொடுக்கச் சொன்னார். 1904-ல் அந்தக் கல்லூரிக்குள் ஒரு மாணவி நுழைந்தார்.

இந்த வீட்டையும் வாசலையும் மறந்துவிட்டு அவருடைய பிற்கால வேலைகளைப் புரிந்துகொள்ள முடியாது. ஒரு குழந்தை எந்த வயிற்றில் பிறந்தது என்பதே அதன் படிப்பை, கல்யாணத்தை, உடம்பை முடிவு செய்துவிடும் என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

சென்னை மருத்துவக் கல்லூரி

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். உடம்பு அவ்வளவு தெம்பில்லை, ஆஸ்துமா தொந்தரவு வேறு. ஆனாலும் பரிசுகளோடு 1912-ல் பட்டம் பெற்றார்.

இங்கே ஒரு சின்னத் திருத்தம். இந்தியாவின் முதல் பெண் டாக்டர் இவர்தான் என்று ஜூலை 30 வந்தாலே வாட்ஸ்அப்பில் சுற்றும். அது சரியில்லை. ஆனந்திபாய் ஜோஷி, காதம்பினி கங்குலி போன்றவர்கள் முத்துலட்சுமி பிறந்த 1886-ம் ஆண்டிலேயே டாக்டர் பட்டம் வாங்கிவிட்டார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியே 1875-ல் பெண்களைச் சேர்க்க ஆரம்பித்துவிட்டது. முத்துலட்சுமியின் பெருமைக்கு இந்த முதல் தேவையும் இல்லை.

படிப்பு முடிந்ததும் எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனாக வேலை பார்த்தார். அன்றைய நிலைமையை நினைத்துப் பார்க்கணும். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் பிறந்த ஒவ்வொரு 1,000 குழந்தைகளிலும் ஏறக்குறைய 200 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவே இல்லை. அஞ்சில் ஒன்று! பிரசவம் பெரும்பாலும் வீட்டில். ஆண் டாக்டரிடம் காட்டக் கூச்சப்பட்டு, வலி முற்றிய பிறகே பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். வந்தவர்களில் பலர் பதின்ம வயதைத் தாண்டாத பெண்கள்.

1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைக் கல்யாணம் செய்துகொண்டார். அதற்கு முன்பு ஒரு நிபந்தனை போட்டார். தன்னைச் சமமாக நடத்தணும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக்கூடாது. அவர் ஒப்புக்கொண்டார், கடைசிவரை அப்படியே நடந்தும் கொண்டார். இரண்டு மகன்கள் பிறந்தார்கள். கிளினிக் நன்றாக நடந்தது. அப்படியே போயிருந்தால் சென்னையின் வசதியான டாக்டர்களில் ஒருவராக வாழ்ந்து முடித்திருப்பார்.

ஆஸ்பத்திரியிலிருந்து சட்டமன்றத்துக்கு

1923-ல் தங்கை புற்றுநோயில் இறந்துபோனார். ஆரம்பத்தில் அது வயிற்றுக்கடுப்பு என்றே நினைத்து வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். நோய் தெரிந்தபோது நேரம் கடந்துவிட்டது. வீட்டிலேயே டாக்டர் இருந்தும் இந்த நிலை. முன்கூட்டியே கண்டுபிடிக்காத நோய்க்கு டாக்டரால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது என்பது அவருக்குச் சொந்த வீட்டு இழப்பாகவே வந்து சேர்ந்தது.

1925-ல் அரசு உதவித்தொகையில் இங்கிலாந்து போய், பெண்கள், குழந்தைகள் நோய்கள் பற்றி மேற்படிப்புப் படித்தார். திரும்பி வந்தபோது சென்னையில் அரசியல் களம் மாறியிருந்தது. 1921-ல் சொத்து வைத்திருக்கும் பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்த சென்னை மாகாணம், 1926-ல் பெண்கள் சட்டமன்ற உறுப்பினராகவும் வழி விட்டது. இந்தியப் பெண்கள் சங்கத்தினர் முத்துலட்சுமியின் பெயரை முன்வைத்தார்கள். அவருக்குத் தயக்கம். டாக்டர் வேலை கெட்டுவிடுமே என்ற கவலை. கடைசியில் சம்மதித்தார். நியமன உறுப்பினராகச் சட்டமன்றத்துக்குள் போனார். 1927 தொடக்கத்தில் அந்த அவையின் துணைத் தலைவராகவும் எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுத்தார்கள்.

பிரிட்டிஷ் இந்தியாவில் ஒரு சட்டமன்றத்தில் உறுப்பினரான முதல் பெண் அவர். இந்த முதல் உண்மையானது.

காவாந்தண்டலத்துக்குப் பக்கத்து ஊரான உத்திரமேரூரை இங்கே நினைத்துக்கொள்ளலாம். குடவோலைத் தேர்தல் முறையைச் சொல்லும் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. யார் பெயரைக் குடத்தில் போடலாம் என்று அது விவரமாகச் சொல்கிறது. சொந்த நிலம் இருக்கணும், வேதம் படித்திருக்கணும், வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்கணும். பெண்ணுக்கு அந்தக் குடத்தில் இடமில்லை, நிலமில்லாதவருக்கும் இல்லை. ஆயிரம் ஆண்டு கழித்து, தேவதாசி வீட்டுப் பெண் ஒருவர் சென்னை அவையின் துணைத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவையில் கேட்டது என்ன?

அவர் அந்த அவையில் இருந்தது மூன்று வருஷத்துக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அதற்குள் கேட்ட விஷயங்களைப் பார்த்தால் ஒரு டாக்டரின் மருந்துச் சீட்டு மாதிரி இருக்கும்.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை வேணும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அவை ஏற்றுக்கொண்டது. முதல் படியாக மகப்பேறு மருத்துவமனையில் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு வந்தது. இன்றைக்கு மாவட்டத் தலைநகரங்களில் பச்சிளங்குழந்தைகள் பிரிவு இருப்பது நமக்குச் சாதாரணம். அன்றைக்குக் குழந்தைக்குத் தனி வைத்தியம் வேணும் என்பதையே வாதாடித்தான் புரியவைக்கணும்.

பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒழுங்காக மருத்துவப் பரிசோதனை நடக்கணும், நகராட்சிப் பள்ளிகளிலும் நடக்கணும் என்றார். கண், பல், ரத்தசோகை, வளர்ச்சி இதெல்லாம் நோய் முற்றிய பிறகு தெரிந்து பிரயோஜனம் இல்லை. ஏழைப் பெண் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்புவரை பள்ளிக் கட்டணம் கூடாது என்றும் கேட்டார்.

பள்ளிக் கட்டணத்துக்கும் குழந்தை ஆரோக்கியத்துக்கும் என்ன சம்பந்தம்? நிறைய இருக்கு. எட்டாவது வரை படிக்கிற பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போகும். கல்யாணம் தள்ளிப்போனால் முதல் பிரசவம் தள்ளிப்போகும். இடுப்பெலும்பே முழுசாக வளராத வயதில் கர்ப்பமாகிற பெண்ணுக்கும், அவளுக்குப் பிறக்கிற குழந்தைக்கும் இருக்கும் ஆபத்தைப் பிரசவ வார்டில் வேலை பார்த்த ஒருவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

14 வயதா, 16 வயதா?

1928-ல் பெண்ணின் குறைந்தபட்சத் திருமண வயதை 16 ஆகவும், ஆணின் வயதை 21 ஆகவும் உயர்த்தணும் என்று சென்னை அவையில் முத்துலட்சுமி வலியுறுத்தினார். நாடு முழுவதும் அப்போது இந்த விவாதம் சூடாக நடந்துகொண்டிருந்தது. சாஸ்திரத்துக்கு விரோதம், குடும்ப விஷயத்தில் சர்க்காருக்கு என்ன வேலை என்று பெரிய பெரிய ஆட்கள் எதிர்த்தார்கள்.

1929-ல் நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று வைத்தது. அதையும் சட்டம் வருவதற்கு முன்பே அவசர அவசரமாகக் கல்யாணம் முடித்து ஏமாற்றியவர்கள் நிறையப் பேர். பெண்ணுக்கு 18 வயது என்று சட்டம் மாறியது 1978-ல். முத்துலட்சுமி 16 கேட்டு அப்போது சரியாக ஐம்பது வருஷம் ஆகியிருந்தது. அவர் இறந்தே பத்து வருஷம்.

தேவதாசி சட்டம், அதன் மறுபக்கம்

முத்துலட்சுமியின் பெயரோடு எப்போதும் சேர்ந்து வருவது தேவதாசி ஒழிப்பு. சிறுமிகளைப் பொட்டுக்கட்டிக் கோயிலுக்கு விடும் வழக்கத்தை நிறுத்தணும் என்று 1927-ல் தீர்மானம் கொண்டுவந்தார். கோயில் வேலைக்காகத் தரப்பட்ட மானிய நிலம், அந்த வேலையைச் செய்யாவிட்டாலும் அந்தப் பெண்களுக்கே சொந்தமாகும்படி 1929-ல் சட்டத்தில் திருத்தம் வந்தது. வாழ வழி இல்லாமல் வெறும் தடை மட்டும் போட்டால் யாருக்கும் பயனில்லை என்ற கணக்கு அதில் இருந்தது. சத்தியமூர்த்தி போன்ற காங்கிரஸ் தலைவர்கள் எதிர்த்தார்கள். பெரியாரும், தாமே தேவதாசிக் குடும்பத்தில் வளர்ந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் ஆதரவாக நின்றார்கள். முழுத் தடைச் சட்டம் வந்தது 1947-ல்தான்.

இதையும் குழந்தைகள் விஷயமாகப் பார்க்க முடியும். பொட்டுக்கட்டியது பெரும்பாலும் சிறுமிகளுக்கு. பால்வினை நோய் தாயிடமிருந்து வயிற்றில் இருக்கும் சிசுவுக்குத் தொற்றும். அதற்குச் சரியான மருந்தான பெனிசிலின் புழக்கத்துக்கு வராத காலம் அது.

ஆனால் எல்லாத் தேவதாசிகளும் இந்தச் சட்டத்தை வரவேற்றார்கள் என்று நினைக்கக்கூடாது. தேவதாசிச் சங்கங்கள் கூட்டம் போட்டு எதிர்ப்பு மனு கொடுத்தன. சொத்துரிமையும் கலையும் படிப்பும் கொண்ட தங்களை மொத்தமாகக் கேவலமாகச் சித்தரிப்பதாக அவர்கள் வருத்தப்பட்டார்கள். சட்டத்துக்குப் பிறகு அந்தப் பெண்களின் நடனமும் பாட்டும் வேறு வீட்டுப் பெண்களிடம் போய் மரியாதை பெற்றது, அவர்களுக்குக் கிடைத்தது பழிச்சொல் மட்டும் என்று இன்றைய ஆய்வாளர்களும் சொல்கிறார்கள். இந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. அந்தப் பெண்களிடம் இன்னும் அதிகமாகக் காது கொடுத்துக் கேட்டிருக்கலாம்.

1930-ல் காந்தி கைதானபோது, எதிர்ப்புத் தெரிவித்து முத்துலட்சுமி பதவியை ராஜினாமா செய்தார்.

கதவைத் தட்டிய மூன்று பெண்கள்

ராஜினாமாவுக்குப் பிறகு நடந்த ஒரு சம்பவம் இது. தேவதாசி வாழ்க்கை வேண்டாம் என்று வெளியே வந்த இளம்பெண்கள் மூன்று பேர் அடைக்கலம் கேட்டு நின்றார்கள். சென்னையில் பெண்களுக்கான விடுதிகள் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு சாதிக்கானது. இவர்களைச் சேர்த்துக்கொள்ள யாரும் தயாராக இல்லை. முத்துலட்சுமி தன் வீட்டிலேயே அவர்களைத் தங்கவைத்தார்.

அதுதான் அவ்வை இல்லத்தின் தொடக்கம். சாதி கேட்காத இல்லம். ஆதரவில்லாத குழந்தைகளும் பெண்களும் தங்கினார்கள், படித்தார்கள், தொழில் கற்றார்கள். 1936-ல் அடையாறுக்கு மாறியது. பள்ளிக்கூடம் வளர்ந்தது. சட்டத்தால் ஒரு வழக்கத்தைத் தடுத்துவிடலாம். அதிலிருந்து வெளியே வரும் பிள்ளைக்கு அன்றைக்கு ராத்திரி சாப்பாடும் படுக்க இடமும் யார் கொடுப்பது? அவையில் பேசியபோது இருந்த கேள்விக்கு அவர் வீட்டு வாசலில் பதில் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

அதற்குப் பிந்தைய பெரிய வேலை எல்லோருக்கும் தெரிந்தது. தங்கையின் நினைவு விடவில்லை. புற்றுநோய்க்கு இங்கே எதுக்கு ஆஸ்பத்திரி, எப்படியும் பிழைக்காத நோய்தானே என்றெல்லாம் கேட்டவர்கள் உண்டு. பல வருஷம் போராடி, 1952-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18-ம் தேதி 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறந்தது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தார்கள். 1956-ல் பத்மபூஷண் விருது வந்தது.

1968 ஜூலை 22-ம் தேதி முத்துலட்சுமி காலமானார். 82-வது பிறந்தநாளுக்கு எட்டு நாள் பாக்கி.

அப்புறம் இந்தத் திட்டம் எப்படி வந்தது?

அவர் மறைந்த பிறகு தமிழ்நாட்டில் சின்னக் குழந்தைகளுக்கான வேலைகள் ஒவ்வொன்றாக வந்தன. 1975-ல் மத்திய அரசின் அங்கன்வாடித் திட்டம். 1980-ல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டியில் தொடங்கியது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மாசாமாசம் எடை போட்டுப் பார்ப்பது அதன் அடிப்படை. எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் கூடுதல் சத்துணவு. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டமும் முதலில் கிராமத்துப் பால்வாடிக் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டுதான் ஆரம்பித்தது.

கர்ப்பிணிகளுக்கான நிதியுதவி 1980-களின் கடைசியில் சில நூறு ரூபாயோடு தொடங்கியது. 2006-ல் 6,000 ரூபாய். 2011-ல் 12,000 ரூபாய். 2018-ல் 18,000 ரூபாய். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் தொகை ஏறியதே தவிர, திட்டம் நிற்கவில்லை. தமிழ்நாட்டு அரசியலில் இது அபூர்வம்.

பணம் ஏன் கொடுக்கணும்? நடவுக்கோ களையெடுக்கவோ போகும் கர்ப்பிணி வேலையை நிறுத்தினால் அன்றைய கூலி போச்சு. கூலி போனால் சாப்பாடு குறையும். சாப்பாடு குறைந்தால் குழந்தை எடை குறைவாகப் பிறக்கும். இரண்டரை கிலோவுக்குக் குறைந்தால் எடை குறைந்த குழந்தை என்று கணக்கு. அப்படிப் பிறக்கும் குழந்தைக்குத் தொற்றுநோய் எளிதில் வரும், வளர்ச்சியும் பின்தங்கும். கூலியை ஈடுகட்டி இந்தச் சங்கிலியை முதல் கண்ணியிலேயே அறுக்கணும் என்பதுதான் திட்டத்தின் நோக்கம்.

பாதிப்பு குழந்தைப் பருவத்தோடு முடிவதில்லை என்பதற்கு மைசூரில் ஒரு சாட்சி இருக்கிறது. அங்கே ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1934 முதல் பிறந்த குழந்தைகளின் எடையைக் குறித்து வைத்திருந்தார்கள். அந்தக் குழந்தைகள் வளர்ந்து நடுத்தர வயதைத் தாண்டிய பிறகு, 1990-களில் ஆராய்ச்சியாளர்கள் அவர்களைத் தேடிப் பிடித்துப் பரிசோதித்தார்கள். குறைந்த எடையோடு பிறந்தவர்களிடம் இதயநோய் அதிகமாக இருந்தது. இங்கிலாந்தில் டேவிட் பார்க்கர் என்ற மருத்துவ ஆய்வாளர் பழைய பிறப்புப் பதிவேடுகளை வைத்துச் சொன்னதும் இதைத்தான். கர்ப்பம் தொடங்கி குழந்தையின் இரண்டாவது பிறந்தநாள்வரை உள்ள சுமார் 1,000 நாட்கள் ரொம்ப முக்கியம் என்று இன்றைக்கு டாக்டர்கள் சொல்வதற்குப் பின்னால் இந்த மாதிரி ஆய்வுகள் இருக்கின்றன.

தவணைக்கும் தடுப்பூசிக்கும் முடிச்சு

பணத்தை மொத்தமாகக் கொடுக்காமல் ஏன் தவணையாகப் பிரிக்கிறார்கள் என்று பலருக்கும் எரிச்சல் வரும். காரணம் இருக்கு. இப்போதைய ஏற்பாட்டின்படி கர்ப்பத்தின் நான்காவது மாதத்தில் 6,000 ரூபாய். 12 வாரத்துக்குள் பதிவு செய்திருக்கணும். குழந்தைக்கு நான்கு மாதம் ஆனதும் 6,000 ரூபாய். அதற்குள் மூன்று தவணை பென்டாவேலன்ட் தடுப்பூசி முடிந்திருக்கும். ஒன்பதாவது மாதம் கடைசி 2,000 ரூபாய். அது தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி போடும் மாதம். ஊட்டச்சத்துப் பெட்டகம் கர்ப்பத்தின் மூன்றாவது, ஆறாவது மாதங்களில். சத்துமாவு, இரும்புச்சத்து டானிக், பேரீச்சம்பழம், நெய் எல்லாம் அதில் இருக்கும்.

பள்ளிக் குழந்தையை நோய் வருவதற்கு முன்பே பரிசோதிக்கணும் என்று அவையில் கேட்டவரின் பெயர், தடுப்பூசி அட்டையோடு கட்டிப்போட்ட ஒரு திட்டத்தில் இருப்பது பொருத்தம்தான்.

பலன் இல்லாமல் இல்லை. 2020 கணக்குப்படி தமிழ்நாட்டில் பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பது 13. தேசிய அளவில் அது 28. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடந்தவை. முத்துலட்சுமி எழும்பூரில் பார்த்த காலத்தோடு ஒப்பிட்டால் நம்பவே முடியாது.

அதே ஆய்வின் மற்ற எண்களைப் பார்த்தால் சந்தோஷம் கொஞ்சம் இறங்கிவிடும். ஐந்து வயதுக்கு உட்பட்ட தமிழ்நாட்டுக் குழந்தைகளில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாலில் ஒரு குழந்தை. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை உள்ள குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுகிறார்கள், ஆனால் பாதிப் பேர் ரத்தம் குறைந்த உடம்போடு வருகிறார்கள்.

யார் விட்டுப்போகிறார்கள்?

திட்டத்தில் சில நிபந்தனைகள் உண்டு. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்கணும். முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான். தாய்க்கு 19 வயது ஆகியிருக்கணும்.

கடைசி நிபந்தனையைக் கவனியுங்கள். சிறுவயதுக் கல்யாணத்தை ஊக்குவிக்கக்கூடாது என்பதற்காக வைத்தது. முத்துலட்சுமி 1928-ல் கேட்ட விஷயத்தோடு ஒத்துப்போவதுதான். ஆனால் அதே ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் 12.8 சதவீதம் பேருக்கு 18 வயதுக்கு முன்பே கல்யாணம் ஆகியிருக்கிறது. 17 வயதில் கர்ப்பமாகும் பெண்ணுக்கும் அவள் குழந்தைக்கும்தான் எடை குறைவு, ரத்தசோகை, பிரசவச் சிக்கல் எல்லாமே அதிகம். பணம் மிகவும் தேவைப்படும் இடத்தில் பணம் நின்றுவிடுகிறது. அந்தக் கல்யாணத்தை முடிவு செய்தது அந்தப் பெண் இல்லை, வயிற்றில் இருக்கும் குழந்தையும் இல்லை.

வயதை எடுத்துவிட்டால் கல்யாணத்துக்கு மறைமுக அனுமதி கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்ற வாதத்திலும் அர்த்தம் இருக்கிறது. ஒரு வழி, பணத்தை விடுத்தாலும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் கூடுதல் பரிசோதனையையும் வயது பார்க்காமல் கொடுப்பது. இன்னொரு வழி, கல்யாணத்தையே தள்ளிப்போடுவது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் வந்தது. அதற்கு வைத்திருக்கும் பெயர், தேவதாசி ஒழிப்பில் முத்துலட்சுமியோடு நின்ற அதே மூவலூர் ராமாமிர்தம் அம்மையாருடையது. இரண்டு திட்டங்களையும் ஒரே குடும்பத்தில் அக்காவும் தங்கையும் வாங்கும் காலம் இது.

இன்னொரு கூட்டமும் எளிதாக விட்டுப்போகிறது. சூளைக்கும் கட்டட வேலைக்கும் ஊர் விட்டு ஊர் போகும் குடும்பங்கள். பதிவு ஒரு ஊரில், பிரசவம் ஒரு ஊரில், தடுப்பூசி இன்னொரு ஊரில் என்று ஆகும்போது தவணையும் ஊசியும் சேர்ந்தே தவறிப்போகும். ஊர் மாறினாலும் பிக்மி எண் மாறாது. போகும் ஊரில் இருக்கும் செவிலியரிடம் அந்த எண்ணைக் காட்டினால் தொடர்ந்து பதிவு செய்யலாம் என்பது தெரியாமலேயே பலர் விட்டுவிடுகிறார்கள்.

பதிவு செய்வது எப்படி?

கர்ப்பம் உறுதியானதும் 12 வாரம் முடிவதற்குள் உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரைப் பாருங்கள், அல்லது பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ஆதார் அட்டை, குடும்ப அட்டை, தாயின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குப் புத்தகம் எடுத்துப் போகணும். கணக்கு கணவர் பெயரில் மட்டும் இருந்தால், முதலில் மனைவி பெயரில் ஒன்று தொடங்கிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் 104-க்குப் போன் செய்து கேட்கலாம். ஜூலை 30-ம் தேதி, முத்துலட்சுமியின் பிறந்தநாளை அரசு மருத்துவமனைகளில் மருத்துவமனை தினமாகக் கொண்டாடுகிறார்கள். பதிவுக்கு அன்றுவரை காத்திருக்க வேண்டாம்.